காம்ப் நூ எப்போது முழுதாகத் திறக்கும்? பார்சிலோனா மைதானப் புதுப்பிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்சிலோனா கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது பேச்சு அதன் மைதானமான காம்ப் நூவைப் பற்றித்தான் இருக்கும். எவ்வளவு முடிந்தது, ஏன் இழுக்கிறது, கூரை எங்கே, பணம் யாருடையது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கீழே இருப்பது 2025 டிசம்பர் நடுப்பகுதி வரையிலான நிலவரம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இப்போது வேலை எந்த நிலையில் இருக்கிறது?

மைதானம் பாதி திறந்திருக்கிறது, மீதியில் வேலை நடக்கிறது. முதல் இரண்டு அடுக்குகளில் பெரும்பகுதி தயார். 45,401 பேர் உட்கார அனுமதி கிடைத்து, 2025 நவம்பர் 22 முதல் அணி அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது. வடக்கு கோல் பக்கத்து கேலரி அடுத்து சேரும். அது சேர்ந்தால் சுமார் 62,000. மூன்றாம் அடுக்கு இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, கூரை போடவில்லை. எல்லாம் முடிந்தால் சுமார் 1,05,000 இருக்கைகள்.

பழைய மைதானம் நன்றாகத்தானே இருந்தது? எதற்குத் தொட்டார்கள்?

டிவியில் பார்த்த நமக்கு நன்றாக இருந்தது. உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு அப்படியில்லை. 1957 செப்டம்பர் 24 அன்று திறந்த மைதானம் அது. 1982 உலகக் கோப்பைக்காகப் பெரிதாக்கி ஏறக்குறைய 1,20,000 பேர் கொள்ளும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டமே அங்கேதான்: பெல்ஜியம் 1, அர்ஜென்டினா 0. அப்புறம் நின்று பார்க்கும் இடங்களுக்குத் தடை வந்தது. 1990களில் புல்தரையை இரண்டரை மீட்டர் கீழே இறக்கி, கூடுதல் வரிசைகள் போட்டு, எல்லோருக்கும் இருக்கை கொடுத்தார்கள். கடைசியில் கணக்கு 99,354-ல் நின்றது.

ஆக, அது ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த கட்டடம். கூரை என்று இருந்தது பிரதான கேலரிக்கு மட்டும்தான். மழை வந்தால் மற்ற எல்லோரும் நனைந்தார்கள். நடைபாதைகள் குறுகல், கழிப்பறைகள் போதாது, மேல் அடுக்குக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். இன்னொரு காரணம் வருமானம். ரியல் மாட்ரிட், பயர்ன் மியூனிக், லண்டன் கிளப்புகள் எல்லாம் புதிய மைதானங்களை வைத்துப் பணம் பார்க்கும்போது, ஐரோப்பாவிலேயே பெரிய மைதானத்தை வைத்திருந்த பார்சா பின்தங்கியது.

முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே?

ஏறத்தாழ அதைத்தான் செய்கிறார்கள். 2014 ஏப்ரலில், கிளப்பின் உரிமையாளர்களான உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது திட்டம் "புதுப்பிப்பு", செலவு மொத்தம் 60 கோடி யூரோ. 72 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து வாக்களித்தார்கள். அதன் பிறகு வருடங்கள் ஓடின. தலைவர் மாறினார், கோவிட் வந்தது, கிளப் கடனில் மூழ்கியது. ஜோன் லபோர்தா திரும்பத் தலைவரான பிறகு திட்டத்தைப் புரட்டிப் பார்த்து, மூன்றாம் அடுக்கை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாக எழுப்புவது என்று முடிவு செய்தார்கள். கீழ் இரண்டு அடுக்குகளின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, மேலே இருப்பதெல்லாம் புதிது. இடித்த கான்கிரீட்டை அங்கேயே நொறுக்கித் திரும்பப் பயன்படுத்தினார்கள். பழைய இருக்கைகளையும் புல்தரைத் துண்டுகளையும் ரசிகர்கள் நினைவுக்காக வாங்கிப் போனார்கள்.

முழுக்க இடிக்காததற்கு ஒரு நல்ல காரணம், மைதானத்தின் அந்தக் கிண்ண வடிவம். புல்தரையைச் சுற்றிக் கூட்டம் சரிந்து இறங்குவதுபோல் இருக்கும் அந்தத் தோற்றம் போய்விட்டால் காம்ப் நூ என்ற பெயருக்கு அர்த்தம் இருக்காது. அதைக் காப்பாற்றியது இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

யார் கட்டுகிறார்கள்?

வடிவமைப்பு 2016-ல் போட்டியில் வென்ற ஜப்பானின் நிக்கென் செக்கெய் நிறுவனமும் பார்சிலோனாவின் பாஸ்குவல் இ ஔசியோ நிறுவனமும் சேர்ந்து கொடுத்தது. கட்டுவது துருக்கியின் லிமாக். 2023 ஜனவரியில் ஒப்பந்தம் லிமாக்குக்குப் போனபோது பலருக்கும் ஆச்சரியம். ஸ்பெயினின் பெரிய கட்டுமான நிறுவனங்களும் போட்டியில் இருந்தன. லிமாக் குறுகிய காலத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

125-ஆம் ஆண்டு விழாவுக்குள் திறப்போம் என்றார்கள். ஏன் ஒரு வருடம் தள்ளிப்போனது?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

கிளப் தொடங்கியது 1899 நவம்பர் 29. அதனால் 2024 நவம்பர் 29 அன்று 125 வயது. அந்த நாளுக்குள் 60 சதவீத இருக்கைகளோடு திரும்புவோம் என்று அறிவித்தார்கள். வேலை தொடங்கியது 2023 ஜூன். பதினேழு, பதினெட்டு மாதத்தில் மூன்றாம் அடுக்கை இடித்து, அடித்தளத்தைப் பலப்படுத்தி, கீழ் இரண்டு அடுக்குகளை மக்கள் உட்காரும் நிலைக்குக் கொண்டுவருவது என்பது, எல்லாம் சொன்னபடி நடந்தால் மட்டுமே முடிகிற கணக்கு. கட்டட வேலையில் எல்லாம் சொன்னபடி நடப்பதில்லை என்பது ஒரு வீடு கட்டிய எவருக்கும் தெரியும்.

2024 நவம்பர் போனது. 2025 வசந்த காலம் என்றார்கள், அதுவும் போனது. சரி, சீசன் தொடக்கத்து ஜோன் காம்பர் கோப்பை ஆட்டத்தை ஆகஸ்ட் 10 அன்று அங்கேயே நடத்துவோம் என்றார்கள். அதற்காக முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் வெளியூரில் வைத்துக்கொள்ள லீக்கிடம் கேட்டு வாங்கினார்கள். காம்பர் ஆட்டம் கடைசியில் பயிற்சி வளாகத்தின் சின்ன மைதானத்தில் நடந்தது. செப்டம்பர் 14 அன்று வலென்சியாவுடனான ஆட்டத்துக்கும் அனுமதி வரவில்லை. அணி தற்காலிகமாக ஆடிவந்த மோன்ஜுயிக் ஒலிம்பிக் மைதானம் அந்த வாரம் ஒரு இசைக் கச்சேரிக்குப் போயிருந்தது. ஸ்பெயின் சாம்பியன் அணி, 6,000 பேர் மட்டுமே உட்காரும் அதே பயிற்சி வளாகத்து யோஹான் க்ரைஃப் மைதானத்தில் லீக் ஆட்டம் ஆடியது. 6-0 என்று ஜெயித்தார்கள் என்பது வேறு. அடுத்த வாரம் கெடாஃபேயுடனும் அங்கேதான், 3-0.

என் பார்வையில், வேலையின் வேகத்தைவிட அறிவிப்புகளின் வேகம்தான் தவறு. இவ்வளவு பெரிய வேலை ஒரு வருடம் தாமதமாவது உலகத்தில் நடக்காததில்லை. ஒவ்வொரு முறையும் தேதி சொல்லி, டிக்கெட்டுக்காகக் காத்திருந்த உறுப்பினர்களை ஏமாற்றியதுதான் வலித்தது. "தயாரானதும் சொல்கிறோம்" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

1ஏ, 1பி, 1சி என்று செய்திகளில் வருகிறதே, அது என்ன?

பார்சிலோனா நகராட்சி அனுமதியைப் பகுதி பகுதியாகக் கொடுப்பதற்கான பெயர்கள். 1ஏ என்பது பிரதான கேலரியும் தெற்கு கோல் பக்கமும், 27,000 பேர். அது 2025 அக்டோபரில் கிடைத்தது. 1பி-யில் பிரதான கேலரிக்கு எதிர்ப்பக்கம் சேர்ந்து 45,401 ஆனது. அது நவம்பர் 17 அன்று வந்தது. 1சி வடக்கு கோல் பக்கத்தையும் சேர்த்து 62,000 அளவு.

1ஏ வந்த உடனே ஏன் ஆடவில்லை என்று கேட்பார்கள். 27,000 பேருக்காக மைதானத்தைத் திறந்தால் செலவுக்குக் கட்டாது. மோன்ஜுயிக்கில் அதைவிட அதிகம் பேர் வரலாம். அதனால் 1பி வரும்வரை காத்திருந்தார்கள். இடையில் நவம்பர் 7 அன்று, ஒரு பயிற்சியை மட்டும் ரசிகர்களுக்குத் திறந்துவிட்டார்கள். வெறும் பயிற்சிதான். இருபதாயிரத்துக்கும் மேல் வந்தார்கள்.

நகராட்சி வேண்டுமென்றே இழுத்தடித்ததா?

இந்தப் பேச்சு ரசிகர்களிடையே நிறைய ஓடியது. நான் ஏற்கவில்லை. அனுமதி தாமதமானதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம், அவசரத்தில் கூட்டம் வெளியேறும் வழிகள். தீயணைப்புத் துறையினர் போய்ப் பார்த்தபோது உள்ளேயும் வெளியேயும் சில வழிகள் வேலை நடக்கும் இடங்களோடு சிக்கிக் கிடந்தன.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் 45,000 பேர் ஒரே நேரத்தில் படியிறங்குகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்தவர், கைத்தடியோடு வரும் முதியவர் எல்லோரும் அதில் உண்டு. ஒரு வாசலுக்கு வெளியே கம்பிக்கட்டும் தடுப்புத் தகடும் நிற்கிறது. முன்னால் இருப்பவர் நிற்க, பின்னால் இருப்பவருக்கு அது தெரியாமல் தள்ள ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இருக்கை போட்டாயிற்று, புல் பச்சையாக இருக்கிறது என்பதை வைத்து மைதானம் தயார் என்று சொல்ல முடியாது. வெளியே போகும் வழிதான் மைதானம். எத்தனை அழுத்தம் வந்தும் கையெழுத்துப் போடாமல் நின்ற அந்த அதிகாரிகள்தான் இந்தக் கதையில் சரியாக வேலை செய்தவர்கள் என்று நினைக்கிறேன்.

அதுவரை அணி எங்கே ஆடியது?

மோன்ஜுயிக் குன்றின் மேல் இருக்கும் லூயிஸ் கொம்பானிஸ் ஒலிம்பிக் மைதானத்தில். 1929-ல் கட்டியது, 1992 ஒலிம்பிக்குக்காக உள்ளே புதிதாக்கியது. இரண்டு முழு சீசனும் மூன்றாவது சீசனின் தொடக்கமும் அங்கே. ஓடுதளம் இருப்பதால் ரசிகர்கள் புல்தரையை விட்டுத் தள்ளியே இருந்தார்கள். குன்றேறிப் போக வேண்டும், பாதிப் பேருக்கு இடமில்லை. அப்படியும் ஹான்ஸி ஃப்ளிக் பயிற்சியில் 2024-25 லீக் பட்டம் வந்தது. வீடில்லாத நாட்களில் வந்த பட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அங்கே கடைசி ஆட்டம் 2025 நவம்பர் 2, எல்சேயுடன், 3-1.

திரும்பி வந்த முதல் ஆட்டம் எப்படி இருந்தது?

2023 மே 28 அன்று மயோர்காவை 3-0 என்று வென்று, செர்ஜியோ புஸ்கெட்ஸுக்கும் ஜோர்டி ஆல்பாவுக்கும் விடைகொடுத்துவிட்டுப் பூட்டிய கதவு. 909 நாள் கழித்து, 2025 நவம்பர் 22 அன்று அத்லெடிக் பில்பாவுக்காகத் திறந்தது. நம் ஊர் நேரம் இரவு 8.45.

ஆட்டத்தைவிட மைதானத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கேமரா புல்தரையிலிருந்து மெல்ல மேலே போகும். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு வரை ஆட்கள். அதற்கு மேல் பூசாத சாம்பல் கான்கிரீட், அதற்கு மேல் கிரேன்களின் நீண்ட கைகள், அதற்கும் மேல் திறந்த வானம். பாதி கட்டிய வீட்டில் பால் காய்ச்சியதுபோல் இருந்தது. நான்காவது நிமிடத்திலேயே லெவாண்டோவ்ஸ்கி கோல் போட்டார். புதிய காம்ப் நூவின் முதல் கோல் அவருடையது. ஃபெரான் டோரஸ் இரண்டு, ஃபெர்மின் லோபெஸ் ஒன்று, மொத்தம் 4-0. வந்தவர்கள் 45,157 பேர்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு இரவு, மெஸ்ஸி சொல்லாமல் கொள்ளாமல் வந்து புல்தரையில் நின்றுவிட்டுப் போனார். படத்தை அவரே இன்ஸ்டாகிராமில் போட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. டிசம்பர் 9 அன்று சாம்பியன்ஸ் லீக்கும் திரும்பியது. ஃபிராங்க்ஃபர்ட்டை 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் ஜூல்ஸ் கூந்தே தலையால் போட்டது.

கூரை ஏன் இன்னும் வரவில்லை? அது எப்படி நிற்கும்?

சைக்கிள் சக்கரத்தைப் படுக்க வைத்ததுபோல் கற்பனை செய்யுங்கள். வெளியே ரிம், நடுவில் ஒரு வளையம், இரண்டையும் இணைக்கும் கம்பிகள். கம்பிகளை இறுக்க இறுக்க வெளி ரிம் உள்நோக்கி அமுங்கும், நடு வளையம் இழுபட்டு அந்தரத்தில் நிற்கும். இந்த இரண்டு விசையும் சமமாக இருப்பதால் நடுவில் ஒரு தூண்கூடத் தேவையில்லை, யாருடைய பார்வையும் மறைக்காது. காம்ப் நூவின் கூரை இந்த வகைதான். உறைக்கு மேல் சூரியத் தகடுகளும், உள்பக்கம் சுற்றிலும் 360 பாகைத் திரையும் திட்டத்தில் உண்டு.

இந்த வகைக் கூரையில் வெளி வளையம் மைதானத்தின் உச்சியில் உட்கார வேண்டும். அதாவது மூன்றாம் அடுக்கு முழு வட்டமாக முடிந்தால்தான் வளையம், வளையம் இருந்தால்தான் கம்பி. பாதி வட்டத்துக்குச் சக்கரம் கட்ட முடியாது. அதோடு, கம்பிகளைப் புல்தரை மேலும் கேலரி மேலும் விரித்து, ஜாக்கி வைத்து ஒரே நேரத்தில் இழுத்துத் தூக்குவார்கள். அந்த வாரங்களில் மைதானத்துக்குள் ஆட்டம் நடத்த வழியே இல்லை. ஆகவே அது ஏதாவது ஒரு கோடை விடுமுறையில்தான் நடக்க முடியும், அதற்காக அணி மறுபடி கொஞ்ச நாள் வெளியே போக நேரலாம். 2026 கோடை என்றிருந்த பேச்சு இப்போது 2027 பக்கம் நகர்ந்திருக்கிறது. கூரை இல்லாமல் ஆடுவதில் தவறில்லை. அவசரமாகத் தூக்குவதில்தான் ஆபத்து. இதில் தேதி கேட்டு யாரும் நெருக்காமல் இருந்தால் நல்லது.

பணம் எங்கிருந்து வருகிறது?

கடன். 2021 டிசம்பரில் 150 கோடி யூரோ வரை கடன் வாங்க உறுப்பினர்கள் ஏறக்குறைய 88 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அதில் மைதானத்துக்கு மட்டும் 90 கோடி. மீதி புதிய உள்விளையாட்டரங்கம், சுற்றுப்புற வளாகம் என்று மொத்த எஸ்பாய் பார்சா திட்டத்துக்கு. 2023 ஏப்ரலில் 145 கோடி யூரோ 20 முதலீட்டாளர்களிடமிருந்து திரட்டப்பட்டது. மைதானத்தை அடமானம் வைக்கவில்லை, உறுப்பினர்கள் தனிப்பட்ட பொறுப்பும் ஏற்கவில்லை. புதிய மைதானம் ஆண்டுக்குக் கூடுதலாகச் சுமார் 24.7 கோடி யூரோ ஈட்டித் தரும், அதிலிருந்து அடைப்போம் என்பது கிளப்பின் கணக்கு.

இங்கேதான் தாமதத்தின் உண்மையான விலை. கட்டி முடிக்காத மைதானம் சம்பாதிக்காது. 2025-ல் 42.4 கோடி யூரோ கடனைப் பல ஆண்டுகள் தள்ளி மாற்றியமைத்தார்கள்.

விஐபி இருக்கைகளை விற்று வீரர்களைப் பதிவு செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். இன்னும் கட்டாத 475 விஐபி இருக்கைகளின் பல வருட உரிமையை 10 கோடி யூரோவுக்கு விற்றார்கள். கிளப்பின் வருமானத்துக்கு ஏற்பத்தான் லீக் வீரர்களைப் பதிவு செய்ய விடும். அந்தப் பணத்தைக் கணக்கில் காட்டித்தான் டானி ஓல்மோவையும் பாவ் விக்டரையும் பதிவு செய்யக் கேட்டார்கள். லீக் மறுத்தது. 2025 ஜனவரியில் ஸ்பெயின் அரசின் விளையாட்டுக் கவுன்சில் இடைக்கால அனுமதி கொடுத்தது. கட்டாத இருக்கை இந்த வருடக் கணக்கில் வருமா என்ற சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், மைதானத்தின் நாளைய வருமானத்தை இன்றைய ஆட்டக்காரர்களுக்காகச் செலவு செய்யும் பழக்கம் தொடரக் கூடாது. கடன் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டிய பணம் அது.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மைதானம் இருக்கும் லெஸ் கோர்ட்ஸ் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. மைதானத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு பழைய கல்லறைத் தோட்டம்கூட இருக்கிறது. தூசி, லாரி, இரவில் இரைச்சல் என்று குடியிருப்பவர்கள் தொடர்ந்து புகார் செய்தார்கள். வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. தொழிலாளர் சங்கங்களும் வேலைச் சூழல் பற்றிக் கேள்வி எழுப்பின. அவசரத் தேதிகளின் சுமை கடைசியில் இவர்கள் தலையில்தான் இறங்குகிறது.

இப்படி இழுப்பது பார்சாவுக்குப் புதிதா?

இல்லை. முதல் கல் நட்டது 1954 மார்ச் 28. ஒப்பந்தம் சுமார் 6.6 கோடி பெசேட்டா, பதினெட்டு மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. முடிந்தது மூன்றரை வருடத்தில், 28.8 கோடி பெசேட்டாவில். பழைய லெஸ் கோர்ட்ஸ் மைதானத்து நிலத்தை விற்ற பிறகுதான் கிளப்பின் கடன் தணிந்தது. அன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் குபாலாவைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு அந்த மைதானம் போதாமல் போனதால்தான் காம்ப் நூவே பிறந்தது. காம்ப் நூ என்றால் காத்தலான் மொழியில் "புதிய மைதானம்", அவ்வளவுதான். ஊர் வாயில் புழங்கிய பெயர், உறுப்பினர் வாக்கெடுப்புக்குப் பிறகு அதிகாரப் பெயரானது. 2022 முதல் முன்னால் ஸ்பாட்டிஃபை சேர்ந்திருக்கிறது.

ரியல் மாட்ரிட் இதைச் சீக்கிரம் முடித்துவிட்டதே?

அவர்களுடைய மைதானமான பெர்னபேயூவில் வேலை 2019-ல் தொடங்கியது. கோவிட் காலத்தில் கூட்டம் வர முடியாத மாதங்களைப் பயன்படுத்தி, தங்கள் பயிற்சி மைதானத்தில் ஆடிக்கொண்டே பெரும்பகுதியை முடித்தார்கள். அந்த வாய்ப்பு பார்சாவுக்குக் கிடைக்கவில்லை. அங்கேயும் பிரச்சினை இல்லாமலில்லை. இரைச்சல் புகாரால் 2024 செப்டம்பரில் கச்சேரிகளை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

பெண்கள் அணி அங்கே ஆடுமா?

வழக்கமாக அவர்கள் ஆடுவது யோஹான் க்ரைஃப் மைதானத்தில். பெரிய ஆட்டங்களுக்குக் காம்ப் நூ. 2022 ஏப்ரல் 22 அன்று வோல்ஃப்ஸ்பர்க்குடன் ஆடியபோது பழைய மைதானத்தில் 91,648 பேர் இருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு ரியல் மாட்ரிட்டுடன் 91,553. இப்போது திறந்திருக்கும் இருக்கைகள் அதில் பாதிதான். வடக்குப் பக்கம் திறந்தாலும் போதாது. அந்த எண்ணைத் தாண்ட மூன்றாம் அடுக்கு முடிய வேண்டும்.